கனடாவில் வெடித்த பிடி

2023 மாசி மாதம் ஒரு இரவு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் ஸ்காபரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நான் கடைந்து கொடுத்த ஷேவிங் பிரஷ் நிற்கிறது. பிடியின் வாயிலிருந்து இடுப்புவரை நேராக ஒரு வெடிப்பு. நகம் நுழையும். கீழே எழுதியிருந்தார்: "தங்கச்சி, பாலை எண்டுதானே சொன்னனீ? பாலையும் வெடிக்குமோ?"

அது வேறு ஏதாவது கட்டையாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொன்று செய்து அனுப்பியிருப்பேன். அது அவர்களுடைய வீட்டு வாசல் நிலை. பெரியப்பா கட்டிய வீடு போரோடு போய்விட்டது. நிலையின் ஒரு கால் மட்டும் வடலிக்குள் கிடந்தது. 2019 ஆவணியில் ஊருக்கு வந்த அண்ணா அதைத் தோளில் தூக்கி வந்து என் பட்டறை வாசலில் போட்டார். "இதில ஏதாவது செய்து தா. பெட்டிக்குள்ள கொண்டுபோற மாதிரிச் சின்னதா."

என்னைப் பற்றி ஒரு பந்தி சொல்ல வேண்டும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட எங்கள் ஊர். ஐயா கடைச்சல்காரர். கட்டில் கால், தொட்டில் கால், இடியப்ப உரல் என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் கடைந்து கொடுத்தவர். ஏ9 பாதை திறந்த பிறகு கடைக் கட்டிலும் பிளாஸ்ரிக் உரலும் லொறியில் வந்து இறங்கின. கடைச்சலுக்கு ஆள் வருவது நின்றுபோனது. ஐயா போன பிறகு மெசினை இரும்புக்கு விற்கச் சொன்னார்கள். அரைக் குதிரைவலு மோட்டரும் ஐயா கைபட்டு வழுவழுத்த உளிகளும் கிடந்தன. விற்க மனம் வரவில்லை. சிறுவயதில் அவருக்குப் பக்கத்தில் நின்று சீவல் அள்ளினவள்தான் நான், உளி பிடிக்கவும் தெரியும். பெண்பிள்ளை கடைச்சலோ என்று கேட்டவர்கள் இப்போது பம்பரம் கேட்டு பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

ஷேவிங் பிரஷ் என்பது எனக்குத் தற்செயலாக வந்த வேலை. அண்ணா கொண்டுவந்த பிரஷின் பிளாஸ்ரிக் பிடி உடைந்திருந்தது, மயிர்க்குஞ்சம் நன்றாக இருந்தது. வேப்பங்கட்டையில் ஒரு பிடி கடைந்து, ஐயா கட்டிலுக்குப் பூசுகிற பிரெஞ்ச் பொலிஷை ஆறு பூச்சுப் பூசிக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. மூன்றாம் நாள் காலை வெள்ளை பூத்த பூசணிக்காய் மாதிரி என் கையில் திரும்பி வந்தது.

பிரெஞ்ச் பொலிஷ் என்பது அரக்கு. அரக்குக்குச் சுடுதண்ணீர் ஆகாது, சவர்க்காரம் அதைவிட ஆகாது. கட்டிலை யாரும் தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதில்லை, பிரஷைக் கழுவுகிறார்கள். வடிவைத் தருவது கடைச்சல், ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். இந்த வேலையில் நான் விட்ட பிழைகள் ஏறக்குறைய எல்லாமே தண்ணீரை மறந்ததால் வந்தவைதான்.

பிறகு லக்கர் பூசினேன், பிடியின் வாய் விளிம்பில் உரிந்தது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன், மணமும் நிறமும் நல்லது, ஒரு மாதத்தில் மரம் மங்கிப்போனது. கடைசியில் நின்றது சுப்பர் குளூதான். தண்ணீர் மாதிரி மெல்லிய வகையை முதலில் இரண்டு தரம் உறிஞ்சவிட்டு, அதற்குமேல் கொஞ்சம் தடித்த வகையைச் சுழலும் பிடியில் எட்டுப் பத்துப் பூச்சு. ஒவ்வொரு பூச்சும் முற்றாகக் காய வேண்டும். பிறகு தண்ணீர் தொட்டு 600 இலிருந்து 2000 வரை சாண்ட் பேப்பர். குளூ பூச ரிசுப் பேப்பர் மட்டும்தான் பாவிக்க வேண்டும். நான் முதல் நாள் பழைய பருத்திச் சேலைத் துண்டில் குளூவை ஊற்றித் தேய்த்தேன். சில விநாடிகளில் துணி புகைந்தது. விரல் நுனி வெந்து தோல் உரிந்தது. பருத்தியும் சுப்பர் குளூவும் சேர்ந்தால் அவ்வளவு சூடு எழும்பும், தீயே பற்றலாம். ஆவியும் கண்ணைப் பிடுங்கும். கதவைத் திறந்துவைத்து, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று பூசுங்கள்.

அடியை மறக்கிறவர்கள் அதிகம். பிடியின் அடிப்பக்கம் வெட்டு முகம். மரம் தண்ணீர் குடிக்கிற வாய் அது. ஈர மேசையில் நிற்கப்போவதும் அந்த முகம்தான். குஞ்சம் இறங்கும் துளையின் உட்புறமும் அப்படியே. வெளியில் எட்டுப் பூச்சுப் பூசிவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டால் ஒரு வருடத்தில் உள்ளிருந்து கறுத்து வரும்.

துளைக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரர் நொட் என்று சொல்லும் குஞ்சத்தை நான் செய்வதில்லை, சீனாவிலிருந்து வருவிக்கிறேன். 24 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும், அளந்து பார்த்தால் 23.4 உம் இருக்கும் 24.6 உம் இருக்கும். ஆகவே குஞ்சம் கைக்கு வரும்முன் துளை போடாதீர்கள். வேணியரால் அளந்து, அதைவிட ஒரு மில்லிமீற்றர் பெரிதாகத் துளை. தட்டை அலகுத் துறப்பணத்தின் நடு முள் அடியைத் துளைத்துக்கொண்டு போகும். அடி சமமாக வெட்டுகிற ஃபோஸ்ட்னர் அலகு ஒன்றை வாங்கினால் அந்தக் கவலை இல்லை. ஆழம்தான் பிரஷின் குணத்தைத் தீர்மானிக்கும். செயற்கை இழைக் குஞ்சத்தை விளிம்புக்குமேல் 50, 52 மில்லிமீற்றர் நிற்கிற மாதிரி இறக்குகிறேன். 58 விட்டால் வாழைக்குருத்து மாதிரித் துவளும். 45 க்கு இறக்கினால் முகத்தைத் தும்புத்தடியால் தேய்ப்பதுபோல இருக்கும் என்று சித்தப்பா சொன்னார். எப்படியானாலும் மயிரைப் பிடித்திருக்கும் பசைக் கட்டி முழுவதும் துளைக்குள் மறைய வேண்டும்.

பிடியின் வடிவம் அவரவர் கைக்கு. நான் 55 மில்லிமீற்றர் உயரம், அகலமான இடத்தில் 36 என்று வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டேன்: இடுப்பு ஒடுங்குவது துளையின் அடிக்குக் கீழேதான் வர வேண்டும். வடிவான ஒடுக்கம் எடுக்கிற ஆசையில் ஒருமுறை துளைக்கு நேரே உளியை அழுத்தினேன். சத்தம் மாறியது, அதைக் கவனிக்கவில்லை. அடுத்த சுற்றில் மேல் வளையம் தனியாகக் கழன்று கூரைத் தகரத்தில் அடித்தது. இப்போது துளையின் ஆழத்தைப் பென்சிலால் வெளியில் கோடு போட்டுவிட்டுத்தான் மெசினைப் போடுகிறேன்.

மரத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. காட்டில் போய் வெட்டுகிற கதையே வேண்டாம். முதிரை, பாலை, கருங்காலி எதையும் அனுமதியில்லாமல் வெட்டவோ ஏற்றவோ கூடாது, பிடிபட்டால் வழக்கு. எனக்கு வேண்டியது உள்ளங்கையளவு கட்டை. தளபாடக் கடைகளின் கழிவுத் துண்டுகளும் விழுந்த வீடுகளின் யன்னல் சட்டங்களும் போதும்.

பாலை தண்ணீரில் தாழும். அவ்வளவு கனம். பிடி கனமாக இருந்தால் பிரஷ் கையில் நின்று பேசும். ஆனால் உளியை அரை மணிக்கொரு தரம் சாணை பிடிக்கவைக்கும். முதிரை பொன்னிறம், வெளிச்சத்தில் திருப்பத் திருப்பப் பட்டுப்போல அலை ஓடும். வாங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். எனக்கு அதன் தூள் ஆகாது. முதல் வாரம் முழங்கை வரை தடித்துச் சிவந்து, வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். வைத்தியரிடம் போனபோது என்ன வேலை என்றுதான் முதலில் கேட்டார். முதிரைத் தூள் தோலுக்குக் கூடாதென்பது பழைய தச்சர்களுக்குத் தெரிந்த விசயமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது முதிரை என்றால் மாஸ்க், நீளக் கைச் சட்டை, முடிந்தவுடன் குளிப்பு.

புளியின் நடு வைரம் கறுத்த ஊதா. இறைச்சிக்கடைக் கட்டையாக வெட்டு வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கிற மரம், கைப்பிடிக்கு அஞ்சாது. வெளி வெள்ளையை மட்டும் விட்டுவிடுங்கள், பூச்சி விரும்பித் தின்னும்.

பனை தனிக் கதை. பழைய இலக்கணக்காரர் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் பிரித்தார்கள். பனை அந்தக் கணக்கில் புல். மெசினில் ஏற்றினால்தான் அது எவ்வளவு உண்மை என்று விளங்கும். கறுத்த நார்கள் இரும்பு மாதிரி, அவற்றுக்கிடையில் இருப்பது சோறு மாதிரி. உளி நாரைப் பிடித்து இழுக்கும், சோறு கொட்டும், பிடி முழுக்கச் சிலாம்பு. வெளி வைரத்தில் மட்டும் கட்டை எடுத்து, கொஞ்சம் கடைந்து மெல்லிய குளூ ஊற்றி, காயவிட்டு மறுபடி கடைந்து, இப்படி நாலைந்து தரம் போனால் கறுப்பும் பழுப்புமாகக் கோடு விழுந்த ஒரு பிடி வரும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அதைக் கண்டால் வேறொன்றும் வேண்டாம். ஒரு பனைப் பிடிக்கு ஆகும் நேரத்தில் மூன்று புளிப் பிடி முடியும். விலையை அப்படித்தான் வைக்க வேண்டும். முதல் வருடம் நான் எல்லாவற்றுக்கும் ஒரே விலை வைத்து, எல்லாரும் பனையே கேட்டு, கை நிறையச் சிலாம்போடு இருந்தேன்.

போர் நடந்த எங்கள் வன்னிப் பகுதிக் கட்டையில் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஒரு புளியங்கட்டையை வாளால் அரியும்போது நீலக் கறுப்பில் மை கொட்டின மாதிரி ஒரு கறை தெரிந்தது. வடிவாக இருக்கிறதே என்று அந்தத் துண்டையே மெசினில் ஏற்றினேன். உளி தீப்பொறி கக்கியது. உள்ளே விரல் நகமளவு எறிகணைச் சிதறல். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது. இரும்பு, மரத்தின் துவர்ப்போடு சேர்ந்தால் அந்த மைக் கறை வரும். கறை கண்டால் கிட்ட இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு கட்டைக்கும் மேலாக மெதுவாகக் கொண்டுபோவேன். ஆழத்தில் இருப்பதும் ஈயமும் செம்பும் அதில் தெரியாது, ஆகவே முகக் கண்ணாடி போடாமல் மெசினைத் தொடுவதில்லை. கட்டை பொறுக்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். மிதிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் காணிக்குள் எவ்வளவு நல்ல முதிரை விழுந்து கிடந்தாலும் அது கிடக்கட்டும்.

இனி அண்ணாவின் வெடிப்பு. நாற்பது வருடத்துக்கு மேல் காய்ந்த நிலை ஏன் வெடித்தது? எனக்குத் தெரிந்த தச்சர்கள் இருவரிடம் கேட்டேன். ஒருவர் உள்வெடிப்பு முந்தியே இருந்திருக்கும் என்றார். மற்றவர் கண்ணூறு என்றார். பிறகு நானே தேடி வாசித்தும், அளந்து பார்த்தும் பிடித்த விடை இது. மரம் ஒருநாளும் காய்ந்து முடிவதில்லை. இருக்கிற இடத்தின் காற்றோடு கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர் வீட்டுக்குள் வைத்த கட்டையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு ஈரம் இருக்கும். கனடாவில் பனிக்காலத்தில் வீட்டை ஹீட்டர் போட்டு உலர்த்தி வைத்திருக்கிறார்கள், அங்கே அது ஆறு ஏழுக்கு இறங்கும். இறங்கினால் சுருங்கும். 36 மில்லிமீற்றர் பிடி அரை மில்லிமீற்றருக்கும் மேலே ஒடுங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அல்ல. மரத்தின் வளர்ச்சி வளையம் ஓடும் திசையில் கூடுதலாக, நடுவிலிருந்து வெளியே வரும் திசையில் குறைவாக. வட்டமாகப் போட்ட துளை முட்டையாகப் பார்க்கும். நானோ குஞ்சத்தை இறுக்கமாக இறக்கி, சுற்றிவர எபொக்சிப் பசை நிரப்பியிருந்தேன். எபொக்சி சுருங்காது. மோதிரம் சுருங்கி விரல் சுருங்காவிட்டால் என்ன ஆகும்? விரல் எபொக்சி என்றால் மோதிரம்தான் வெடிக்கும்.

அதற்குப் பிறகு மூன்று மாற்றம் செய்தேன். முதலாவது, கட்டையைப் பரும்படியாகக் கடைந்து, நடுவில் 18 மில்லிமீற்றர் துளையும் போட்டு, பழுதான பிரிட்ஜ் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்போடு வைக்கிறேன். மேலும் கீழும் விரலளவு காற்றுத் துளை. ஒவ்வொரு ஞாயிறும் சமையல் தராசில் நிறுத்து, கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதுகிறேன். 112 கிராமில் உள்ளே போன ஒரு பாலைக் கட்டை ஐந்து கிழமையில் 105 க்கு வந்து, அடுத்த இரண்டு கிழமையும் அங்கேயே நின்றது. நிறை நின்றால்தான் வெளியே எடுப்பது. எடுத்த கையோடு கடைந்து பூச வேண்டும். மாரியில் இரண்டு நாள் மேசையில் விட்டால் வாடைக் காற்று ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடும். இரண்டாவது, துளையின் சுவர் எந்த இடத்திலும் நாலு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: எபொக்சியை விட்டு, மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கனுக்கு மாறினேன். மரம் ஒடுங்கினால் அது விட்டுக்கொடுக்கும். மயிர் தேய்ந்தால் குஞ்சத்தைக் கழற்றிப் புதிதும் போடலாம். ஆனால் சிலிக்கன் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் காயும், துளைக்குள் அது மெதுவாகவே போய்ச் சேரும். ஒரு நாள் போதுமென்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நான் ஒரு கிழமை தொடுவதில்லை.

ஊருக்குள்ளேயே பாவிக்கிறவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. காற்றில் காய்ந்த கட்டை போதும். பிடி எங்கே குடியிருக்கப் போகிறது என்று நான் இப்போது முதலிலேயே கேட்கிறேன்.

மயிரைப் பற்றியும் கேள்வி வரும். பட்ஜர் என்ற விலங்கின் மயிர், பன்றி மயிர், குதிரை மயிர், செயற்கை இழை என்று நாலு வகை. பன்றி மயிர் தொடக்கத்தில் முரடு. சில கிழமை பாவிக்க நுனி பிளந்து மென்மையாகும். பட்ஜர் தண்ணீரை நன்றாகத் தாங்கும், விலை கூட, முதல் நாட்களில் ஈர நாய் மணம். நான் இப்போது செயற்கை இழைதான் போடுகிறேன், கேட்டால் மட்டும் மற்றவை. வவுனியாவில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் நாலு பிரஷ் எடுக்கும்முன் கேட்ட ஒரே கேள்வி, "தங்கச்சி, இது பண்டி மயிர் இல்லையே?" அவர் கேட்டார், கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ. பெட்டிமேல் என்ன மயிர் என்று அன்றிலிருந்து எழுதி ஒட்டுகிறேன்.

சித்தப்பா ஒருமுறை ஆட்டு மயிரில் நாங்களே கட்டினால் என்ன என்றார். பனந்தும்பை முந்தியே கட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறோம், பாத்திரம் தேய்க்கத்தான் உதவும். ஆட்டு மயிரை நான் மறுத்துவிட்டேன். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சுத்தம் செய்யாத குதிரை மயிரில் கட்டின பிரஷ்களால் படையாட்களுக்கு முகத்தில் அந்த்ராக்ஸ் என்ற கால்நடை நோய் வந்து, செத்தவர்களும் உண்டு. 1920 இல் பிரித்தானியா யப்பானிலிருந்து வந்த ஷேவிங் பிரஷ்களையே தடைசெய்தது. சவரம் செய்கிற முகத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். வீட்டு அடுப்பில் அவித்த மயிரை அதில் தேய்க்க எனக்குத் துணிவில்லை.

சித்தப்பாதான் என் பரிசோதகர். நான் தாடி வழிப்பதில்லை. குறை சொல்லத் தெரிந்த ஒரு முகம் வேண்டும். மற்ற ஆம்பிளைகள் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சித்தப்பா விடியப்புறம் ஆறு மணிக்குக் கன்னத்தில் நுரையோடு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, "பிள்ளை, நுரையே வரேல்லை. உன்ர பிரஷ் சரியில்லை" என்பார். குஞ்சத்தை மாற்றினேன், ஆழத்தை மாற்றினேன், அவர் மாறவில்லை. ஒருநாள் அவர் வீட்டுக் கேத்திலைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் படிவு. கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு கடினம். சவர்க்காரம் அதில் நுரைக்காமல் திரைந்துபோகும், திரைந்தது மயிரின் அடியில் போய் ஒட்டும். பீப்பாவில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் அதே பிரஷைக் கொடுத்தேன். நுரை மீசையை மூடியது. இப்போது வாங்குகிற எல்லாருக்கும் சொல்வது: கிணற்றுத் தண்ணீர் என்றால் மாதத்தில் ஒரு நாள் ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டுக் குஞ்சத்தைப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். பிடி நனையத் தேவையில்லை.

2022 பங்குனிக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். மெசின் ஓடாது. சாண்ட் பேப்பரோடு முற்றத்தில் இருந்து கையாலேயே தேய்த்தேன். மெசினில் தேய்க்கும்போது பிடியைச் சுற்றி விழும் மெல்லிய கீறல்கள், மரம் ஓடும் திசையில் கையால் தேய்த்தால் மறைந்துபோவதை அப்போதுதான் கண்டேன். அன்றிலிருந்து கடைசித் தேய்ப்புக் கையால்தான்.

அண்ணாவின் நிலைக் காலில் இன்னும் முக்கால் முழம் மீதியிருந்தது. அதில் இரண்டாவது பிடியைக் கடைந்து, பெட்டிக்குள் ஏழு கிழமை வைத்து, சிலிக்கனில் குஞ்சம் இறக்கி, 2023 ஆவணியில் ஊருக்கு வந்துபோன ஒருவரின் கையில் கொடுத்துவிட்டேன். அனுப்பும்முன் வழமைபோலச் சித்தப்பா பார்த்தார். "பிடி நல்லது. மயிர்தான் கொட்டும் போல கிடக்கு" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

அடுத்த மாசி வந்தது, படம் எதுவும் வரவில்லை. இருக்க முடியாமல் நானே கேட்டேன். மறுநாள் குரல் பதிவு வந்தது. சித்தப்பா திண்ணையில் இருந்தார், சத்தமாகப் போட்டேன்.

"வெடிக்கேல்லைத் தங்கச்சி. கல்லு மாதிரி நிக்குது. ஆனா ஒவ்வொரு நாளும் ஒண்டு ரெண்டு மயிர் கொட்டுது."

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நீட்டினார், இன்னும் கொஞ்சம் விடச் சொல்லி.